அந்தப் பயிற்சியாளரை நியமித்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் கூடைப்பந்து பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். டென்னசி பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பேட் சம்மிட் வென்ற எட்டு தேசியப் பட்டங்களையும் 1,098 ஆட்டங்களையும் எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் பயிற்சியாளரை வேலைக்கு எடுப்பது யார், பயணத்துக்கும் உடைக்கும் பணம் ஒதுக்குவது யார் என்ற பேச்சே கட்டுரையில் இல்லை. டெக்சஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்த ஜோடி கான்ராட்டைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தால் அது தானாக வந்திருக்கும்.

டெக்சஸ் மாநிலத்தில் கோல்ட்வெயிட் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். 1969ல் சாம் ஹூஸ்டன் கல்லூரியில் சேர்ந்தபோது கூடைப்பந்து, கைப்பந்து, தடகளம் மூன்றுக்கும் அவரே பயிற்சியாளர். 1976ல் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு அவரை அழைத்து வந்தவர் டோனா லோபியானோ. அங்கே பெண்கள் விளையாட்டுக்கென்று தனித் துறை இருந்தது. லோபியானோ அதன் இயக்குநர். பத்து ஆண்டுகளில், 1986ல், ஆடிய 34 ஆட்டங்களையும் வென்று கான்ராட்டின் அணி தேசியப் பட்டம் பெற்றது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பெண்கள் கூடைப்பந்தில் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்ற முதல் அணி அதுதான்.

1992ல் லோபியானோ விலகியதும் இயக்குநர் பொறுப்பு கான்ராட்டிடம் வந்தது. பயிற்சியையும் அவர் விடவில்லை. 2001 வரை இரண்டையும் சேர்த்தே பார்த்தார். சம உரிமை கேட்டுப் பல்கலைக்கழகத்தின் மீது மாணவியர் தொடுத்திருந்த வழக்கு 1993ல் சமரசத்தில் முடிந்தது. அவருடைய நிர்வாகக் காலத்தில் கால்பந்து, சாஃப்ட்பால், துடுப்புப் படகு அணிகள் பெண்களுக்குப் புதிதாகக் கிடைத்தன. அவருடைய 900 வெற்றிகளைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கோப்பை அந்த ஆண்டின் அணிக்கு மட்டும்தான். புதிதாக ஓர் அணி வந்துவிட்டால், அதற்குப் பின் வரும் மாணவியர் அத்தனை பேருக்கும் ஆட இடம் உண்டு.

இன்னொன்றையும் கட்டுரை தொடவில்லை. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் நைன்' சட்டம் வந்த 1972ல், பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். இன்று பாதிகூட இல்லை. சம்பளம் உயர்ந்ததும் அந்த வேலைகளுக்கு ஆண்கள் வரத் தொடங்கினார்கள். பல கல்லூரிகள் ஆண், பெண் விளையாட்டுத் துறைகளை ஒன்றாக்கின. ஆண்கள் துறையின் தலைவரே மொத்தத்துக்கும் தலைவரானார், அதுவரை துறையை நடத்திய பெண் அவருக்குக் கீழே போனார். மாணவியருக்கு வாசலைத் திறந்துவிட்ட சட்டத்தின் காலத்திலேயே அவர்களுடைய ஆசிரியைகள் அதிகாரத்தை இழந்தது எனக்கு ஆறவே இல்லை.

இந்தத் தொடர் நீளுமானால், லோபியானோவுக்கும், அயோவா பல்கலைக்கழகத்தில் பெண்கள் விளையாட்டுத் துறையை 1973 முதல் 2000 வரை நடத்திய கிறிஸ்டின் கிராண்டுக்கும் தலா ஒரு கட்டுரை ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திருச்சி