பினாங்குக்குப் போகாமல் ஏன் மெர்போக்குக்கு?

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களை அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நம் கெடா மாநிலத்திலேயே மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறோம். “பீடோங்கிலிருந்து கூப்பிடு தூரம், இதற்கு ஒரு பஸ்ஸா? பினாங்குக்குப் போகலாமே” என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லப் போய்த்தான் கடிதம் நீண்டுவிட்டது.

நம் பள்ளித் திடலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். உச்சி மேகத்துக்குள் போய்விட்டால், சிற்றுண்டிச்சாலை அக்கா காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார். பிள்ளைகளுக்கு மலை என்றால் அவ்வளவுதான். உயரம் 1,217 மீட்டர். இதைவிட உயரத்தில் கேமரன் மலையில் கடையும் வீடுமாக ஊரே இருக்கிறது. ஆனால் ஜெராய் நிற்கிற இடம் அப்படி: கடலோரம், வடக்கே கண்ணுக்கெட்டிய வரை வயல், அருகில் போட்டிக்கு வேறு மலை இல்லை. வானம் தெளிந்திருந்தால், கணக்குப்படி 120 கிலோமீட்டருக்கு அப்பால் கடலில் இருப்பவனுக்கும் உச்சி கண்ணில் படும்.

வீட்டில் உலக வரைபடம் இருந்தால் இலங்கையின் தென்முனையிலிருந்து நேர்கிழக்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் நடுவே புகுந்து, ஏறக்குறைய நம் மலைப்பக்கம் வந்து சேரும். வங்கக் கடலைத் தாண்டி வந்த வணிகக் கப்பல்களுக்கு ஜெராய்தான் அடையாளம். மலை தெரிந்துவிட்டால் அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆற்றுமுகம், அப்புறம் துறைமுகம். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவர்கள் ஊர் திரும்ப வடகிழக்குக் காற்று வீச வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் சும்மா உட்கார முடியுமா? சரக்கு மாற்றினார்கள், வீடு போட்டார்கள், கும்பிடக் கோயிலும் எழுப்பினார்கள்.

அதில் ஒன்று, புக்கிட் பத்து பஹாட் கோயில், அருங்காட்சியக வளாகத்திலேயே ஓடையோரம் இருக்கிறது. 1959–60இல் சீரமைத்தார்கள். கருங்கல் அடித்தளம் மட்டும் மிச்சம். மரத்தூண்களும் கூரையும் போய்விட்டன. தூண்களைத் தாங்கிய கல் பீடங்கள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகள் அந்தப் பீடங்களைப் பார்த்துத் தூண் எங்கெங்கே நின்றது, வாசல் எந்தப் பக்கம் என்று தாளில் வரைய வேண்டும். அன்றைய பாடம் அதுதான். நேரம் இருந்தால் பக்கத்தில் சுங்கை பத்துவுக்கும் போவோம். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அங்கே தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளையும் களிமண் ஊதுகுழாய்களையும் வெளியே கொண்டுவந்திருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடாரம், அதாவது பழைய கெடா, என்றதும் ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைத்தான் நாம் பேசுகிறோம், மார்தட்டிக்கொள்கிறோம். படை வந்து தாக்கியது உண்மை. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. வந்தவர்கள் நம்மவர்கள் மட்டுமல்ல, சீனரும் அரேபியரும் வந்தார்கள், இங்கே பிறந்தவர்களும் இருந்தார்கள். எனக்கென்னவோ வாளைவிட அந்த ஊதுகுழாய்தான் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லும் என்று தோன்றுகிறது.

புறப்படும் முன் வீட்டுப்பாடம் ஒன்று உண்டு. ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவ வந்த நம் பாட்டன் பூட்டன்கள் பலர் பினாங்கில்தான் கப்பல் இறங்கினார்கள். அந்தக் கதை தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லுங்கள். அரைப் பக்கம் எழுதி வந்தால் போதும்.

காலை 7.30க்கு பஸ் கிளம்பும், பசியாறிவிட்டு வரட்டும். கல்லும் ஓடையும் வழுக்கும் என்பதால் சிலிப்பர் வேண்டாம், பள்ளிக் காலணி போதும். தண்ணீர், தொப்பி கட்டாயம். கட்டணம் 15 ரிங்கிட். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். இந்த மாதம் கைக்கடியாக இருப்பவர்கள் என்னிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிள்ளையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்