வண்டிக்கு அடியில் போடும் தகடு: படத்தில் ஒரு பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், மலைப்பாதையில் ஓடும் வண்டிகளுக்கு அடிப்பக்கம் போடும் ஸ்கிட் பிளேட் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்தபடி இரண்டு பேர் என் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். "அண்ணே, இதே மாதிரி, இதே தடிமன்ல அடிச்சுக் குடுங்க" என்றார்கள். படத்தைப் பார்த்தேன், மூன்று தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியிருந்த வரிசையே தலைகீழ். இப்படி அடிக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்களிடம் அவசரத்தில் பாதி சொன்னதை உங்களுக்கு முழுதாக எழுதுகிறேன்.

போடிநாயக்கனூரில் 26 வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில் வேலைதான் சோறு போடுகிறது. ஆனால் இது ஏலக்காய் ஊர். இங்கே வீடு வைத்திருக்கும் பலருக்குத் தோட்டம் இருப்பது போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை, சாந்தன்பாறை வட்டாரத்தில், கேரளாவில். விடியும் முன்பே ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறும். தார் ரோடு முடிந்து தோட்டத்துக்குள் இறங்கினால்தான் விஷயம் தெரியும். மழை பிடித்துவிட்டால் டயர் ஓடும் இரண்டு தடமும் பள்ளமாகி நடுவில் திட்டு எழும்பி நிற்கும். அந்தத் திட்டில் ஒரு கல் தலையை நீட்டிக்கொண்டிருந்தால் வண்டியின் வயிறு அதில்தான் போய் உட்காரும். அப்படி அடிபட்டு வருகிற வண்டிகளுக்குத் தகடு அடித்துப் பூட்டுவது எனக்கு இரண்டாவது தொழில் மாதிரி ஆகிவிட்டது.

உங்கள் கட்டுரையில் ஒரு வரி: தடிமன் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கையில் ஒரு எஞ்சினையே காலி செய்திருக்கிறேன்.

2009-ல் நடந்தது. தோட்டக்காரர் ஒருவர் பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருந்தார். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி, அதாவது ஆயில் சம்ப், இரண்டு தடவை நசுங்கிவிட்டது. "இனி ஜென்மத்துக்கும் நசுங்கக் கூடாது" என்றார். சரி என்று 8 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் மூன்றடிக்கு இரண்டரை அடி வெட்டி, நாலு பக்கமும் விளிம்பை மேலே மடக்கி, 14 போல்ட் போட்டு முறுக்கிக் கொடுத்தேன். எடை 44 கிலோ கிட்ட. கமான் பட்டை லேசாகத் தாழ்ந்ததைப் பார்த்தும் பெருமையாகத்தான் இருந்தது. ஆயில் இறக்க ஒரு ஓட்டை விட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் என்ன ஆனது? ஆயில் மாற்ற வேண்டுமென்றால் 14 போல்ட்டையும் கழற்றி, ஜாக்கி கொடுத்து அந்தத் தகட்டை இறக்க வேண்டும். மெக்கானிக் ஒரு தடவை செய்தார். அடுத்த தடவை "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றார். நடுவில் எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் கசிய ஆரம்பித்திருக்கிறது. தகடு இல்லாத வண்டியாக இருந்தால் காலையில் தரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும், யாராவது கேட்பார்கள். இங்கேயோ நான் மடக்கி வைத்த தாம்பாளத்தில் சொட்டி, தூசியோடு சேர்ந்து களியாகிக்கொண்டிருந்தது. வண்டியில் ஆயில் விளக்கு பல்பும் போயிருந்தது. போடிமெட்டு வளைவு ஒன்றில் ஏற்றத்திலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்து என் பட்டறை வாசலில்தான் நிறுத்தினார்கள். தகட்டில் ஒரு சொட்டை கூட இல்லை. அந்த முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு யார் தகடு கேட்டு வந்தாலும் நான் முதலில் கேட்பது, "இதை யார் கழற்றி மாட்டப் போகிறார்கள்?" என்றுதான். ஒரு ஆள், ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் இறக்க முடியாத தகடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வேண்டாம். ஆயில் இறக்கும் பிளக்குக்கு நேராக ஓட்டை கட்டாயம். ஃபில்டர் எட்டும்படி இன்னொரு வழி. சேறும் தண்ணீரும் வடியக் கீறல்கள். விளிம்பை நாலு பக்கமும் மடக்கக் கூடாது. முன்னால் மட்டும் படகு மூக்கு மாதிரி மேலே தூக்கினால் போதும்.

தடிமனுக்கு வருகிறேன். இங்குள்ள பாதைக்கு 10 கேஜ், அதாவது மூன்றே கால் மில்லிமீட்டர் இரும்புத் தகடு, நீளவாக்கில் இரண்டு மடிப்பு கொடுத்தால் தாராளம். மடிப்புதான் விறைப்பைத் தரும். அட்டையை மடித்துப் பார்த்தாலே தெரியும். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்; பாறை மேலேயே உருட்டி விளையாடுகிறவர்கள் 8 கேஜ் போட்டுக்கொள்ளட்டும். 16 கேஜில் பெயின்ட் பளபளப்போடு கடையில் தொங்குவதை வாங்காதீர்கள், அது கதவு அடிக்கிற தகடு. கம்பெனியிலிருந்தே சில வண்டிகளுக்கு அடியில் பிளாஸ்டிக் மூடி வருகிறது. சேறும் தண்ணீரும் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அலுமினியம் பற்றிக் கட்டுரையாளர் உயர்வாக எழுதியிருக்கிறார். எடை குறைவு என்பது உண்மைதான். என் கணக்கில் அதே மூன்றடி தகட்டை 6 மில்லிமீட்டர் அலுமினியத்தில் போட்டால் 11 கிலோ சொச்சம். 3 மில்லிமீட்டர் இரும்பில் 16 கிலோவுக்கு மேல். துருவும் பிடிக்காது. ஆனால் இரும்பு கல் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அலுமினியம் மெத்து, கல்லின் முனை அதைக் கிள்ளிப் பிடித்துக்கொள்ளும், வண்டி அங்கேயே நிற்கும். மேடு மேடாகப் பூ அடித்த அலுமினியத் தகட்டை அந்தப் பூ கீழே பார்க்க மாட்டுவது இன்னும் மோசம். அப்படியே வாங்குவதென்றால் 5052 அல்லது 6061 ரகமா என்று கேட்டு வாங்குங்கள். இரும்பு போல்ட் போட்டு அதைப் பூட்டினால், ஈரம் பட்டுப் பட்டு இரண்டு உலோகமும் சேருமிடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், இரும்பு வளைந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் சம்மட்டியால் நிமிர்த்தி ஒரு ராடு உருக்கி ஒட்டிவிடலாம். அலுமினியம் கிழிந்தால் ஆர்கான் வெல்டிங் இருக்கும் இடத்தைத் தேடி அலைய வேண்டும். தோட்டத்து வழியில் மாட்டிக்கொண்டவனுக்கு அது உதவாது.

எதில் பிடித்துக் கட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். போன வருடம் மஹிந்திரா தார் வண்டி வைத்திருக்கும் ஒரு தம்பி இணையத்தில் வாங்கிய தகட்டோடு வந்தான். தகடு நல்ல தகடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின்பக்கத்தைப் பிடித்திருந்தது விரல் அகலத்தில் ஒரு ஒல்லிப் பட்டை. ஒரே கல், பட்டை மடங்கி, தகடே சம்ப்பில் போய்க் குத்தியிருந்தது. பழைய ஜீப்புக்கு இரும்பு சம்ப், அடித்தால் நசுங்கும். இப்போது வரும் பல எஞ்சின்களுக்கு அலுமினிய வார்ப்பு, அடித்தால் விரிசல் விடும், ஆயில் மொத்தமும் நிமிடங்களில் தரைக்கு வந்துவிடும். எம்-சீல் பசையை வைத்து அடைத்து எப்படியோ ஊர் வந்து சேர்ந்திருக்கிறான். தகட்டின் பாரம் முழுக்க சேசிஸ் சட்டத்திலும் குறுக்குச் சட்டத்திலும்தான் இறங்க வேண்டும். அதில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் 8.8 என்று தலையில் உறுதி எண் அடித்த போல்ட்டாகப் போட்டு முறுக்க வேண்டும். சேசிஸிலேயே வைத்து வெல்டு அடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு, நான் அடிப்பதில்லை. சம்ப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் புகும் இடைவெளி இருக்கட்டும். போல்ட் தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நாலாவது கல்லில் சப்பையாகிவிடும், பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. நான் தலையைச் சுற்றி ஒரு கனத்த வளையத்தை வைத்து ஒட்டிவிடுகிறேன். கல் வளையத்தில் பட்டு நழுவும்.

வண்டி வாங்கும்போது தாருக்குத் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், மாருதி ஜிம்னிக்கு 210 என்று சொல்வார்கள். அது மொத்த வண்டியிலும் மிகத் தாழ்ந்த இடத்தின் உயரம். உங்கள் வண்டி எங்கே அடி வாங்குகிறது என்று அது சொல்லாது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் ஒரு வேலை கொடுப்பேன். அடிப்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு மழையில்லாத ஒரு வாரம் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். எங்கே சுண்ணாம்பு உரிந்திருக்கிறதோ அங்கே தகடு. சிலருக்கு சம்ப்பில் ஒன்றுமே இருக்காது, பெட்ரோல் டாங்க் விளிம்பு உரிந்திருக்கும். ஒருவருக்கு எங்குமே உரியவில்லை. காசை மிச்சம் பண்ணிக்கொண்டு போனார். எனக்கு வேலை போனதுதான் மிச்சம்.

கட்டுரையில் இல்லாத ஒன்று: நெருப்பு. பிப்ரவரியிலிருந்து இந்த மலையில் புல் காய்ந்து பஞ்சு மாதிரி நிற்கும். அதற்குள் வண்டி போனால் புல் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சேர்ந்து அடைந்துகொள்ளும், பக்கத்திலேயே சைலன்சர் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் ஃபில்டர் இருக்கிறது. எரிக்கும் நேரத்தில் அதன் உள்ளே 600 டிகிரி வரை போகும். அதற்கு நேர் கீழே தகட்டை மூடிப் போடவே கூடாது. ஒரு பிக்கப் வண்டியின் தகட்டைக் கழற்றியபோது இரண்டு கை நிறையக் கருகிய புல் விழுந்தது. அதைப் பார்த்து ஓட்டி வந்தவர் ஆடிப்போய்விட்டார். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் அத்தனை பேர் போனதை இந்த ஊர் மறக்கவில்லை. அந்தத் தீக்கும் வண்டிக்கும் முடிச்சுப் போடவில்லை. காய்ந்த மலையில் ஒரு பொறி என்ன செய்யும் என்று பார்த்த ஊர்க்காரன் என்பதால் சொல்கிறேன்: கோடையில் தோட்டத்திலிருந்து இறங்கியதும் ஒரு கம்பியை விட்டுத் தகட்டின் மேல்பக்கத்தைக் கிளறிவிடுங்கள்.

இன்னொன்று. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றும் டிரைவர்களில் எனக்குத் தெரிந்த சிலர் தகடே போடவில்லை. "டயரைக் கல்லு மேல ஏத்து, கல்லை நடுவுல விடாதே" என்பது அவர்கள் பாடம். தகடு மாட்டிய கையோடு புதிதாகத் தைரியம் வந்து கல்லை நடுவில் விடுகிறவர்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இப்போது அந்தப் படம். அதில் மூன்று தகடுகள் வரிசையாக இருக்கின்றன. முன் தகட்டின் பின்விளிம்பு நடுத்தகட்டுக்கு மேலே சொருகியிருக்கிறது. அதனால் நடுத்தகட்டின் முன்விளிம்பு கீழே துருத்திக்கொண்டு, எதிரே வரும் கல்லை வாய் திறந்து வரவேற்கிறது. ஓடு வேய்கிறவரைக் கேட்டால் சொல்வார், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து ஓடுதான் வெளியே ஏறி உட்கார வேண்டும். இங்கே கல் முன்னாலிருந்து வருகிறது. முன் தகடு வெளியே, அதாவது கீழே, நடுத்தகடு அதற்கு மேலே, பின் தகடு அதற்கும் மேலே. பின்னோக்கி எடுக்கும்போது மாட்டாமலிருக்கப் பின்விளிம்புகளைக் கொஞ்சம் மேலே தட்டிவிட வேண்டும்.

அச்சில் வந்த படத்தைக் காட்டிக் கேட்கிறவரிடம் என் பேச்சு எடுபடவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். வரும் ஞாயிறே சரியான படத்தைப் போட்டு ஒரு திருத்தம் வெளியிட்டீர்கள் என்றால் வெட்டி வைத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு வெல்டிங் பட்டறைக்காரர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.

(பெயரையும் கடைப் பெயரையும் போட வேண்டாம். விளம்பரத்துக்கு எழுதினான் என்பார்கள்.)