செயலாளர் ஆண்டறிக்கை 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல், காவடி, தீபாவளி வழக்கம்போல் நடந்தன. செயற்குழுவும் முறையாகக் கூடியது.

இவ்வாண்டின் பெரிய பணி, தென்னாப்பிரிக்காவின் ஸ்பியான் காப் மலையில் நடந்த போரின் 125-ஆம் ஆண்டு மலைப் பயணம். டச்சு வழிவந்த குடியேறிகளான போயருக்கும் பிரிட்டிஷாருக்கும் நடந்த சண்டை நமக்கெதற்கு என்று சிலர் கேட்டார்கள். அதற்குப் பதிலை இங்கே பதிவு செய்கிறேன். போயர்கள் முற்றுகையிட்டிருந்த லேடிஸ்மித் நகரை மீட்க பிரிட்டிஷ் ஜெனரல் புல்லரின் படை துகேலா ஆற்றைக் கடந்து, 1900 ஜனவரி 23 இரவில் அந்த மலையில் ஏறியது. பாறை நிலம், பதுங்குகுழியை ஆழமாக வெட்ட முடியவில்லை. காலையில் பனி விலகியதும் சுற்றுக் குன்றுகளிலிருந்து போயர்கள் சுட்டுத் தள்ளினார்கள். அந்தக் குழியே பின்னர் கல்லறையானது.

அடிபட்டவர்களைச் சுமந்து வந்தவர்களில் நம்மவர்கள் உண்டு. காந்தி திரட்டிய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர். பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். குண்டு பாயும் எல்லைக்குள் வரவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. புல்லர் கேட்டுக்கொண்டதால் வந்தார்கள். தோளில் ஸ்ட்ரெச்சருடன் சில நாட்களில் 20, 25 மைல்கூட நடந்தார்கள். போர்ப் பதக்கம் தலைவர்களுக்குத்தான் கிடைத்தது. சுமந்தவர்களின் பெயரை நாம் தேடாவிட்டால் வேறு யார் தேடுவார்கள்?

அதற்காகவே, முன்னோர் வந்த கப்பல், ஒப்பந்த எண், தாத்தா ஆயா சொன்ன கதை ஆகியவற்றை எழுதித் தரும்படி எல்லா வீட்டுக்கும் படிவம் அனுப்பினேன். திரும்பி வந்தவை ஐந்து. மலைப் பயணப் பேருந்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை; காலி இருக்கைக்கும் நாம்தான் வாடகை கட்டினோம். செயலாளர் தன் ஆசைக்குச் சங்கப் பணத்தைச் செலவழித்தார் என்று வெளியே பேசுகிறவர்கள் பொதுக்குழுத் தீர்மானத்தை எடுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

வரவு செலவு ஏறத்தாழச் சரிக்கட்டியது, கடன் இல்லை. விவரத்தைப் பொருளாளர் சொல்வார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே வாசிக்கவில்லை. இம்மாத இறுதிக்குள் செலுத்தினால் வாசிக்கும் அவசியமே வராது.

அரங்கம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், சமையல் பொறுப்பேற்ற மகளிர் குழுவுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஆவணக் காப்பகத்தில் கப்பல் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். இப்பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கிறேன். இல்லையேல் நானே தொடர்கிறேன். வாரம் ஒரு பிற்பகல் என்னுடன் உட்கார இரண்டு இளைஞர்கள் போதும். எண்பதைக் கடந்த ஆயாக்கள் சிலருக்கு இன்னும் நினைவு நன்றாக இருக்கிறது. அவர்களிடம் முதலில் போக வேண்டும். படிவங்கள் வாசல் மேசையில் உள்ளன.

இங்ஙனம்,
செயலாளர்