சர்க்கரையும் கொரோனாவும்

ஆசிரியருக்கு,

2020-இல் தமிழக அரசின் தினசரி கொரோனா அறிக்கையில், இறந்தவர்களின் பெயரற்ற பட்டியலில் நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் திரும்பத் திரும்ப வந்தன. "ஏற்கெனவே நோயாளிதானே" என்று பலர் கடந்துபோனார்கள். ஆனால் அதில்தான் விஷயமே இருந்தது. இன்சுலின் சரியாக எடுபடாத, தொப்பைக் கொழுப்பு மிகுந்த உடலில் லேசான அழற்சி, அதாவது நோய் எதிர்ப்பு அமைப்பு உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் நிலை, எப்போதும் இருக்கும். கிருமி நுழைந்ததும் அந்த அழற்சி கட்டுமீற வாய்ப்பு அதிகம். 2021 இரண்டாம் அலையில் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை இன்னும் ஏற்றிவிட, கருப்புப் பூஞ்சையும் சேர்ந்துகொண்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-இல் சொன்னபடி, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. அதன் விளிம்பில் நிற்பவர்கள் அதைவிட அதிகம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே மாத்திரை தருகிறது, சரி. மாத்திரை தேவைப்படாதவர்களின் இடுப்புச் சுற்றளவையும் ஆண்டுக்கொருமுறை அளந்து குறித்து வைக்கலாமே? ஒரு இஞ்ச் டேப் போதும்.

- ஒரு வாசகர், மதுரை