சிவப்பு மைக் குறிப்புகள் கணினிக்குள் போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் கணினிமயமாவது குறித்து உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். காரைக்குடி வட்டாரத்தில் அப்படியொரு சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். கணினி வேண்டாம் என்று கொடி பிடிக்கும் ஆளல்ல. 2021-இல் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்தபோது, யாருக்கு எந்தச் சங்கத்தில் எத்தனை கடன் இருக்கிறது என்று ஒப்பிட்டு முடிப்பதற்குள் பணியாளர்களுக்கு விழி பிதுங்கிவிட்டது. கணக்கெல்லாம் ஒரே இடத்தில் தெரிந்திருந்தால் அந்த அல்லல் இல்லை.

மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்த திட்டம் இது. நாடு முழுவதும் 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய் செலவு என்று அப்போது அறிவித்தார்கள். பொது மென்பொருள், கருவிகள் இவற்றோடு பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றுவதும் பணியாளர் பயிற்சியும் அந்தத் திட்டத்திலேயே உண்டு. காகிதத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் நான் பார்த்த இடங்களில் கருவி முதலில் வந்து இறங்குகிறது. பேரேட்டைச் சரிபார்ப்பது ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போகிறது. அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை.

எங்கள் பேரேடுகளில் பாதி விவரம் ஓரத்தில்தான் இருக்கும். செட்டிநாட்டில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். மெய்யப்பனின் மகன் சொக்கலிங்கம். அவர் தம் மகனுக்குத் தகப்பனார் பெயரை வைப்பார். அந்த மெய்யப்பனின் மகன் மறுபடி சொக்கலிங்கம். ஆக, தாத்தாவும் மெ. சொக்கலிங்கம், பேரனும் மெ. சொக்கலிங்கம். ஊரும் தெருவும் வீடும் ஒன்றே. இருவரையும் பிரித்துக் காட்டுவது உறுப்பினர் எண்ணும், ஓரத்தில் யாரோ ஒரு பழைய எழுத்தர் சிவப்பு மையில் எழுதிவைத்த ‘பெரியவர்’ என்ற ஒற்றைச் சொல்லும்தான். ‘காலமானார், வாரிசு மனு நிலுவை’, ‘பட்டா தம்பி பெயரில்’, ‘கைரேகை, சாட்சி வேண்டும்’ என்று இன்னும் எத்தனையோ குறிப்புகள். இதற்கு மேல் ஆதாரில் ஓர் எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் வேறொன்று.

பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) இந்தப் பேரேடுகளை ஒப்பந்தக்காரர் அனுப்பிய இளைஞர்கள் ஏற்றினார்கள். ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். திரையில் ஓரக் குறிப்புக்கு இடமே இல்லை, இருந்தாலும் நின்று படித்தால் கூலி குறையும். நான் உரம் வாங்கப் போயிருந்த ஒரு நாள், ஆச்சி ஒருவர் தவணை தவறியதாக வந்த அறிவிப்போடு நின்றுகொண்டிருந்தார். அறிவிப்பு காலமாகிவிட்ட அவர் கணவர் பெயருக்கு வந்திருந்தது. “தம்பி, அவர் இருக்கிற இடத்துக்கு இதை நான் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது?” என்று கேட்டார். செயலாளர் பரணிலிருந்து பழைய பேரேட்டை இறக்கித் தூசி தட்டித் திறந்தார். சிவப்பு மையில் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது.

பயிற்சியின் கதையும் இப்படித்தான். மாவட்டத் தலைநகரில் ஒரு மண்டபம், சுவரில் படம், மதியம் சாப்பாடு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. விசைப்பலகையைத் தொட்டுப் பார்க்காமலே திரும்பியவர்கள்தான் அதிகம். சங்கத்தில் ஏற்கெனவே விரல்ரேகை பதிய ரேஷனுக்கு ஒரு கருவி, உரத்துக்கு ஒரு கருவி. வயல்வேலையில் ரேகை தேய்ந்த விரல்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள்மீது மூன்றாவதை ஏற்றுகிறோம், காலியிடங்களையோ நிரப்பவில்லை.

அந்தக் காலத்து வட்டிக்கடைகளை நம் ஊர்ப் பெரியவர்கள் நடத்திய விதம் எனக்கு நினைவு வருகிறது. பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாக, உட்கார்ந்தவன்தான் பார்த்துப் பார்த்துத் தேறி மேலாளுக்கு உதவும் அடுத்தாளாக, பிறகு கடையையே நடத்தும் மேலாளாக ஆனான். பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடந்தது அப்படித்தான். அதுபோல, ஏற்கெனவே கணினிக்கு மாறிவிட்ட ஒரு சங்கத்தின் எழுத்தரைச் சில வாரங்கள் அடுத்த சங்கத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தால் போதும். மண்டபப் பயிற்சியைவிடச் செலவும் குறைவு.

இன்னொன்றும் என் கண்ணை உறுத்துகிறது. சங்கத்துப் பாதுகாப்புப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒருவரே திறக்கக் கூடாது என்பதற்காக இரண்டு பேர் வைத்திருப்போம். கணினியிலும் ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும் என்றுதான் முறை வைத்திருக்கிறார்கள். நடப்பிலோ இரண்டு பேரின் கடவுச்சொல்லும் ஒரே துண்டுக் காகிதத்தில், திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆள் குறைவு, வரிசை நீளம். நாளை நகைக்கடனில் ஏதாவது குளறுபடி வந்தால் மாட்டிக்கொள்வது யார் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணினிக்கு எந்த மாதத்தில் மாறுவது என்பதையும் பார்த்து வைக்க வேண்டும். கண்மாய்ப் பாசனமும் வானம் பார்த்த நிலமுமான எங்கள் பகுதியில் ஆவணி, புரட்டாசியில் பயிர்க்கடனுக்குக் கூட்டம் நெரியும். மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கு முடிப்பு. இந்த இரண்டிலும் எவரும் நிமிர்ந்து பார்க்க முடியாது. கணக்கு முடித்த கையோடு வைகாசி, ஆனியில் தொடங்கினால் மூச்சு விட நேரம் கிடைக்கும். அதன்பிறகும் கடன் கொடுத்து அறுவடை முடிந்து வசூலாகும் ஒரு முழுப் பருவத்துக்காவது பேரேடும் கணினியும் சேர்ந்தே ஓடட்டும். மாதக் கடைசியில் இரண்டின் மீதியையும் ஒத்துப் பார்க்கட்டும். இரட்டை வேலைதான், அதற்குரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கணினியில் ஏற்றிய உறுப்பினர் பட்டியலை வாக்காளர் வரைவுப் பட்டியல் போலத் தமிழில் அச்சிட்டுச் சங்க வாசலில் ஒட்டுங்கள். சங்க உறுப்பினர்களின் பேரவைக் கூட்டத்தில் வாசியுங்கள். எந்தச் சொக்கலிங்கம் பெரியவர், எந்தச் சொக்கலிங்கம் பேரன் என்று ஊரே எழுந்து நின்று சொல்லும். கூட்டுறவுத் துறை அதிகாரிகள் இதைக் கவனிப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
காரைக்குடி வட்டம்.