தமிழ்வழி மாணவர்களுக்கு நிலப்படப் பயிற்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்தின் இடுக்கி மாவட்டம் மறையூரில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், பொதுத்தேர்வுக்காகப் புவியியல் படித்து வருகிறாள். நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் தலப்படத்துக்காக அவளுக்குப் பள்ளியில் கொடுத்த பயிற்சித் தாள் மலையாளத்தில் மட்டுமே இருந்தது. ‘கோண்டூர் ரேகை’ என்பதும் தன் பாடநூலில் உள்ள ‘சம உயரக் கோடு’ என்பதும் ஒன்றுதான் என்று அவளுக்குப் புரியவே ஒரு மாலைப் பொழுது போயிற்று. படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் இந்தப் பழுப்புக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் மென்சரிவு என்பதைப் பிறகு எங்கள் வாசலில் நின்று மலையைக் காட்டித்தான் விளக்கினேன்.

மழை மறைவுப் பிரதேசத்துக்கு எங்கள் ஊரை விடச் சிறந்த பாடம் ஏது? 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் அதைச் சூழ்ந்த மலைகளும் தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுப்பதால், மூணாறு நனையும் மாதங்களில் இங்கே கரும்புத் தோட்டங்கள் வெயில் காய்கின்றன. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்றில் ஒன்றான பாம்பாறும் எங்கள் ஊர் வழியே சென்றுதான் அமராவதியில் கலக்கிறது. இவற்றை நேரில் பார்த்து வளரும் பிள்ளைகள், விடை தெரிந்தும் சொல் புரியாமல் மதிப்பெண் இழப்பது மனத்தை வருத்துகிறது.

ஆகவே, மாதிரி வினாத்தாள்களையும் நிலப்படப் பயிற்சிகளையும் தமிழில் அச்சிட்டு, திருப்புதல் தேர்வுகளுக்கு முன்பே எல்லைப்புறப் பள்ளிகளுக்கு அனுப்புமாறு கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். இரு மொழிக் கலைச்சொற்களையும் அருகருகே தரும் ஒற்றைப் பக்க அட்டவணையை இந்த வாரமே கொடுத்தாலும் பெரும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
மறையூர்.