உக்கும் இலையின் நிறை எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

‘இறந்த இலை உக்கி மண்ணாகிறது’ என்று மாணவர்கள் விடைத்தாளில் எழுதுவதும், அதற்கு நாம் புள்ளி வழங்குவதும் நெடுங்கால வழக்கம். நானும் வழங்கியவனே. எனினும், ஒரு கிலோ காய்ந்த பலா இலையைக் குழியில் இட்டால் பின்னர் ஒரு கிலோ மண் கிடைக்குமா என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும். இலையின் உலர்நிறையில் ஏறத்தாழப் பாதி காபன். பங்கசுகளும் பற்றீரியாக்களும் தம் உடலுக்கு வெளியே நொதியங்களைச் சுரந்து, செலுலோசை வெல்லமாகச் சிதைத்து, அதனை உறிஞ்சிச் சுவாசிக்கும்போது அக்காபனின் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாக வளியில் கலந்துவிடுகிறது. குழியில் எஞ்சுவது சிறிதளவு உக்கலும் கனியுப்புகளுமே.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வைக்கோலை உழுது புதைத்த கையோடு விதைத்த வயல், சில வாரங்கள் மஞ்சளித்து நிற்பதைக் கண்ட பிள்ளைகள் என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இருந்தார்கள். வைக்கோலில் ஒரு பங்கு நைதரசனுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 பங்கு வரை காபன் உள்ளது. அதைப் பிரிகையாக்கும் நுண்ணங்கிகளுக்கோ 25 பங்களவே பொருத்தமானது என்பதால், குறையும் நைதரசனை அவை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ள, இளம்பயிர் பட்டினி கிடக்கிறது. அந்நுண்ணங்கிகள் மடிந்த பின்னரே அந்த நைதரசன் மண்ணுக்குத் திரும்புகிறது. இப்பிள்ளைகள் நைதரசன் வட்டத்தைப் பிழையின்றி வரைவார்கள். அந்த வட்டத்தையும் தகப்பனின் வயலையும் சேர்த்துப் பார்க்கும்படி எந்த வினாத்தாளும் அவர்களைக் கேட்டதில்லை. ‘பிரிகையாக்கிகளுக்கு இரண்டு உதாரணம் தருக’ என்பதோடு விடயம் முடிந்துவிடுகிறது.

தேங்காய்ப் பொச்சுமட்டையை நீரில் ஊறப்போட்டுத் தும்பு எடுப்பதும் இதே பாடந்தான். நாரைப் பிணைத்திருக்கும் பெக்ரினைப் பற்றீரியாக்கள் கரைத்துவிட, எளிதில் உக்காத இலிக்னின் என்னும் பொருள் மிகுந்த நார் மட்டும் தாக்குப்பிடிக்கிறது.

இதைக் கற்பிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. நிறுத்த பலா இலைகளை நுளம்பு வலைப் பையொன்றிலும், அகலக் கண்ணுள்ள மீன்வலைப் பையொன்றிலும் இட்டுப் பாடசாலை வளவில் புதைத்து, இரண்டு வாரத்துக்கொருமுறை எடுத்துக் கழுவி உலர்த்தி நிறுத்தால் போதும். மண்புழுவும் மரவட்டையும் நுழையக்கூடிய மீன்வலைப் பையில் இலை விரைவாகக் குறைவதைப் பிள்ளைகள் தாமே காண்பார்கள். இன்னொரு பையில் முருங்கையிலையை இட்டால், மென்மையும் நைதரசனும் மிகுந்த அது பலா இலையை முந்திவிடுவதும் தெரியவரும்.

அதிபர்களும் ஆசிரிய ஆலோசகர்களும் இச்செயற்பாட்டைத் தரம் 10, 11 மாணவர்களின் கணிப்பீட்டில் சேர்ப்பது குறித்துச் சிந்திக்க வேண்டும். ஈரமின்றி நுண்ணங்கிகள் இயங்கா என்பதால் ஐப்பசி மழையோடு தொடங்குவது நன்று. ஆயினும் வெள்ளம் தேங்காத மேட்டு நிலத்தையே தெரிவு செய்ய வேண்டும், ஏனெனில் நீர் நின்ற மண்ணில் ஒட்சிசன் அற்றுப்போய், இலைகள் பல மாதமானாலும் கறுத்து நாறியபடி அப்படியே கிடக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.